பர்மிய ஒன்றும் பூஜ்யமும்: மசாலா பாக்கெட்டில் தேதி அடிக்க எந்த மெஷின்?

என் தங்கை மகன் யாங்கோனில், தெற்கு டகோன் பக்கம் ஒரு கொட்டகை பிடித்து மசாலாவும் பருப்பும் பாக்கெட் போடுகிறான். எனக்கு ரங்கூன் என்று சொல்லியே பழகிவிட்டது; அவன் தலைமுறைக்கு யாங்கோன். போன மாதம் ஒருநாள் மூன்று விலைப்பட்டியல்களை என் முன்னால் விரித்துப் போட்டு, "மாமா, இதில் எதை வாங்கட்டும்?" என்றான். தேதியும் பேட்ச் நம்பரும் அடிக்கிற மெஷின்கள். மூன்றுமே இங்க்ஜெட்தான், ஆனால் மூன்றும் மூன்று ஜாதி. இருபது வருடத்துக்கு மேலாக இந்த மெஷின்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறான்.

மூன்று பட்டியலிலும் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது வேகம். நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று. அவனுடைய பவுச் மெஷின் நிமிடத்துக்கு 40 பாக்கெட்தான் போடும். அந்த வேகத்துக்கு மூன்றும் தூங்கிக்கொண்டே அடிக்கும். "மாப்ளே, எத்தனை வேகமாக ஓடும் என்பதை விடு. உன் கொட்டகையில் அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிற்கும்? நின்றால் எவ்வளவு நேரம் நிற்கும்? அதைச் சொல்" என்றேன்.

அவன் சொன்ன கணக்கு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முறை வைத்து விடுகிற கரண்ட். போனதும் ஜெனரேட்டர் போடுவதற்குள் ஐந்து நிமிடம். டீசல் இல்லாத நாளில் அன்றைக்கு அவ்வளவுதான். "மீ லா பீ" (கரண்ட் வந்தாச்சு) என்று தெருவே கத்தும்போது மறுபடி ஓட்டம். இதற்கு மேல் ஏப்ரலில் திங்ஜான், அதாவது பர்மியப் புத்தாண்டு, வந்தால் பத்து நாள் பூட்டு.

நிற்பதை ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், இங்க்ஜெட்டின் அடிப்படைச் சிக்கலே அதில்தான் இருக்கிறது. மை பாக்கெட்டில் விழுந்த நொடியே காய வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த பாக்கெட் அதைத் தேய்த்துவிடும். அதே மை, முடியை விட மெல்லிய துளையில் எத்தனை நேரம் நின்றாலும் காயவே கூடாது. ஒரே மையிடம் இரண்டையும் கேட்கிறோம். உலகத்தில் உள்ள இங்க்ஜெட் வகைகள் எல்லாம் இந்த ஒரு முரண்பாட்டுக்குக் கண்டுபிடித்த வெவ்வேறு சமாளிப்புகள்தான்.

முதல் சமாளிப்பு: நிறுத்தாமல் ஓடவிடுவது

தொடர் இங்க்ஜெட், சி.ஐ.ஜே. என்பார்கள். குடிதண்ணீர் பாட்டில், பீர் டின், முட்டை, கேபிள் என்று எதன் மேலும் புள்ளிப் புள்ளியாகத் தெரிகிற தேதி பெரும்பாலும் இதன் வேலை.

வீட்டுக் குழாயை நூல் மாதிரி ஒழுகும்படி லேசாகத் திறந்து பாருங்கள். மேலே கண்ணாடிக் குச்சி போல இருக்கிற நீர், கீழே போகப்போகத் துளிகளாக உடையும். அந்த உடைப்புக்கு 1878இல் லார்ட் ராலே கணக்குப் போட்டார்: தாரையின் விட்டத்தைப் போல நாலரை மடங்கு நீளத்துக்கு ஒரு துளி, துளியின் விட்டம் தாரையைப் போல சுமார் 1.9 மடங்கு. தானாக உடைகிறதை அதிர்வு கொடுத்து ஒரே சீராக உடைய வைத்து, ஒவ்வொரு துளிக்கும் வேண்டிய மின்னூட்டம் ஏற்றி, உயர் மின்னழுத்தத் தகடுகளுக்கு நடுவே விட்டு வளைக்கலாம் என்று 1960களில் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் செய்து காட்டினார். மின்னூட்டம் அதிகமான துளி அதிகம் வளையும். ஏற்றாத துளி நேராகப் போய் எதிரே இருக்கிற வடிகுழலில் விழுந்து தொட்டிக்கே திரும்பும். நாசில், அதாவது மை வெளியே வருகிற துளை, ஒன்றே ஒன்று. பாக்கெட் நகர நகர, துளி மேலும் கீழும் வளைந்து எழுத்தாகிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் சுவாரசியம். 60 மைக்ரான் நாசில், நொடிக்கு 64,000 துளி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 38 லட்சத்துக்கு மேல். மருமகனின் பாக்கெட்டில் 20 எழுத்து. எழுத்துக்கு ஏறத்தாழ 17 புள்ளி. ஆக 340 துளி. நிமிடத்துக்கு 40 பாக்கெட்டுக்கு 13,600 துளி. அதாவது ஆயிரத்துக்கு மூன்று, நான்கு துளிதான் பாக்கெட்டில் இறங்குகிறது. மீதி எல்லாம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற துளிகள். அப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் நாசில் காய்வதில்லை. பதிலுக்கு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கரைப்பான் ஆவியாகிப் போகும். அதை ஈடுகட்ட மேக்கப் என்கிற கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பாக்கெட்கூட அடிக்காமல் சும்மா ஓடினாலும் அது குறையும். நம் சித்திரை வெயிலில் இன்னும் கொஞ்சம் வேகமாகக் குறையும். மைச் செலவு மட்டும் கேட்டு வாங்குகிறவர்கள் மூன்றாவது மாதம் எனக்குப் போன் போடுவது இதற்காகத்தான்.

இதன் பலம் என்ன என்றால், நாசில் பொருளிலிருந்து ஒரு சென்டிமீட்டர், அதற்கு மேலும் தள்ளியே நிற்கலாம். உருண்டையோ நெளிந்ததோ குளிர்ந்து வேர்த்ததோ, கவலை இல்லை. மை பெரும்பாலும் எம்.இ.கே. என்கிற கரைப்பானில் இருக்கும். பிளாஸ்டிக்கில் கவ்விக்கொண்டு ஓரிரு நொடியில் காய்ந்துவிடும்.

இப்போது கரண்ட் போவதைப் பார்ப்போம். இந்த மெஷினை முறைப்படி அணைத்தால், அது தானே நாசிலைக் கரைப்பானால் கழுவி, குழலில் உள்ள மையை உறிஞ்சிவிட்டுத்தான் படுக்கும். சில நிமிட வேலை. பொத்தென்று கரண்ட் போனால் கழுவாமலே படுக்கிறது. சாப்பிட்ட கையைக் கழுவாமல் தூங்கின மாதிரி. மறுபடி போடும்போது தாரை கோணலாகக் கிளம்பி மின்னூட்டத் தகட்டில் அடிக்கும், உயர் மின்னழுத்தம் டிரிப் ஆகும், அப்புறம் ஒருத்தர் கையுறை போட்டுக்கொண்டு, நாசில் இருக்கிற ஹெட்டைக் கழுவ வேண்டும். இதற்கு ஒரு சின்ன யு.பி.எஸ். போதும். மெஷின் அதிகம் மின்சாரம் சாப்பிடாது. அந்த யு.பி.எஸ். அச்சடிக்க அல்ல, ஒழுங்காகத் தூங்கப் போக. இதைச் சொல்லிக் கொடுத்தாலும் ஆட்கள் அதில் ஃபேனையும் போன் சார்ஜரையும் மாட்டிவிடுவார்கள்; அது வேறு கதை.

எம்.இ.கே. பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதன் தீப்பற்று வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே, சுமார் மைனஸ் 9 டிகிரி. நம் ஊர் வெப்பத்தில் மூடி திறந்திருந்தாலே பற்றக்கூடிய ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். அந்த ஆவி காற்றை விடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழும். மருமகனின் கொட்டகையில் பவுச் மெஷினுக்குப் பதினைந்து அடி தள்ளி மல்லி, மிளகாய் வறுக்கிற கேஸ் அடுப்பு இருக்கிறது, நடுவில் சுவர் இல்லை. நான் அங்கே நின்று பார்த்தபோதே எனக்குப் பாதி முடிவு தெரிந்துவிட்டது.

இரண்டாவது: நாசிலையே தூக்கிப் போடுவது

வெப்ப இங்க்ஜெட், டி.ஐ.ஜே. கேனானின் ஆய்வுக்கூடத்தில் 1977இல் சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக ஒரு மை ஊசிக் குழாயில் பட்டு, ஊசி முனையிலிருந்து மை தெறித்தது என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஏறக்குறைய அதே காலத்தில் எச்.பி.யிலும் இதே வழியைப் பிடித்து, 1984இல் திங்க்ஜெட் என்று விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். மைக்குப் பின்னால் மிகச் சிறிய சூடேற்றி. ஓரிரு மைக்ரோ நொடியில் 300 டிகிரிக்கு மேல் ஏறும், ஒட்டியிருக்கிற மைப் படலம் குமிழியாகி முன்னால் உள்ள மையைத் துப்பும், குமிழி உடையும், காலியான இடத்தில் புது மை வந்து உட்காரும்.

ஆபீஸ் பிரிண்டருக்காக வந்த எச்.பி. 45 கார்ட்ரிட்ஜ்தான் இன்றைக்குப் பல தொழிற்சாலைகளில் தேதி அடிக்கிற மெஷினில் உட்கார்ந்திருக்கிறது. 42 மில்லி மை, அரை அங்குல உயரத்துக்கு 300 நாசில். துளி சுமார் 30 பிகோலிட்டர், நம் சி.ஐ.ஜே. துளியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் எழுத்து அச்சுக் கோர்த்தது போல இருக்கும்; பார்கோடும் க்யூ.ஆர். கோடும் படிக்கிற மாதிரி விழும். மை தீர்ந்தால் நாசிலோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவது. அடைத்துக்கொண்டாலும் அதேதான். சர்வீஸ் ஆள் வேண்டாம். என் பிழைப்புக்கு நல்லதில்லை என்றாலும் உண்மை அதுதான்.

சூடேற்றியின் மேல் நாளாவட்டத்தில் கருகல் படியும். அதற்குக் கொகேஷன் என்று பெயர். சோற்றுப் பானையில் அடிப்பிடிப்பதைக் குறிக்கிற ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. நமக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் பானையையே மாதாமாதம் மாற்றுகிறோமே, அதனால் கார்ட்ரிட்ஜ் வகையில் அது பெரிய தொந்தரவு இல்லை.

தொந்தரவு வேறு இரண்டு. ஒன்று, தண்ணீர் அடிப்படை மை அட்டையில்தான் காயும். பளபளப்பான பவுச்சில் விரலோடு வந்துவிடும். கரைப்பான் மை கார்ட்ரிட்ஜ்தான் போட வேண்டும். அந்த மை, மூடாமல் விட்டால் சில நிமிடத்திலேயே நாசில் முகத்தில் காய ஆரம்பிக்கும். கரண்ட் போனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பஞ்சு பறக்காத துணியால் ஒரு ஒத்து ஒத்தி, நாசிலை மூடுகிற கிளிப்பை மாட்டு. பத்து விநாடி. யாராவது ஒருத்தர் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, இடைவெளி. நாசிலுக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். நான் பார்த்த ஒரு மசாலாக் கம்பெனியில், நிரப்பி ஒட்டிய பாக்கெட் கன்வேயரில் வரும்போது அடிக்கும்படி ஹெட்டை வைத்திருந்தார்கள். பாக்கெட் உப்பலும் சப்பையுமாக வரும். உப்பினது நாசிலை உரசும். சப்பையானதில் எழுத்து மங்கும். கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பார்த்தேன். செம்பு நிறத் தகட்டின் மேல் மஞ்சள்தூள் மெழுகின மாதிரி அப்பியிருந்தது. ஓரத்தில் மிளகாய்த் தூள் மையோடு சேர்ந்து சிவப்புப் பொருக்காகக் காய்ந்திருந்தது. துடைத்தபோது தும்மல் வந்ததுதான் மிச்சம், பாதி நாசில் திறக்கவில்லை. ஹெட்டை மேலே கொண்டுபோய், ஃபிலிம் ரோலிலிருந்து இறங்கி இன்னும் பாக்கெட்டாக மடியாத இடத்தில், பின்னால் ஒரு உருளை கொடுத்து மாட்டினேன். அங்கே ஃபிலிம் தட்டை, தூள் பறப்பதும் குறைவு. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வரவில்லை.

செலவைப் பார்ப்போம். 20 எழுத்து, எழுத்துக்கு 170 துளி என்று வைத்தால் ஒரு பாக்கெட்டுக்கு மைக்ரோலிட்டரில் பத்தில் ஒரு பங்கு. 42 மில்லிக்குக் காகிதக் கணக்கில் 4 லட்சம் பாக்கெட். காய்ந்ததைத் துப்புவது, துடைப்பது, கடைசியில் தேங்குவது எல்லாம் போக அதற்கு நன்றாகவே குறையும். நாளைக்கு எட்டு மணி நேரம் முழுசாக ஓடினால் 19,200 பாக்கெட். நம் கரண்டில் அத்தனை எங்கே ஓடப்போகிறது. மில்லிக்கு மில்லி பார்த்தால் கார்ட்ரிட்ஜ் மை கொள்ளை விலை. ஆனால் மருமகன் அளவுக்கு மாதம் ஒன்றிரண்டு கார்ட்ரிட்ஜ்தான். இதுவே மூன்று ஷிப்ட், நிமிடத்துக்கு 300 பாட்டில் என்றால் கணக்கு தலைகீழ், சி.ஐ.ஜே.தான் மலிவு.

பர்மிய எழுத்து என்று ஒரு விஷயம்

இது எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது. பர்மிய எழுத்து முழுக்க வட்டம். அதில் ஒன்று என்பது ஒரு பக்கம் திறந்த வட்டம். பூஜ்யம் மூடிய வட்டம். ஏழு புள்ளி உயரத்தில் அடிக்கும்போது அந்தத் திறப்பு என்பது ஒரே ஒரு புள்ளி இல்லாமை. சி.ஐ.ஜே.யில் துளி பிரியும்போது பின்னால் வால் மாதிரி ஒரு குட்டித் துளி சில சமயம் வரும். மையின் கெட்டித்தன்மை மாறினால், தட்பவெப்பம் மாறினால் வரும். அது கண்ட இடத்தில் போய் விழும்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு பிஸ்கட் கம்பெனிக்குப் பர்மிய எண்ணில் தேதி வேண்டுமென்று கேட்டார்கள். நானும் ஏழு புள்ளியிலேயே எண்களை வரைந்து ஏற்றிக் கொடுத்தேன். முதல் வாரம் நன்றாக இருந்தது. மழை பிடித்தது, மை கொஞ்சம் கெட்டியாகியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. 11ஆம் மாதம் காலாவதி என்பது கொஞ்சம் பெட்டிகளில் 10ஆம் மாதமாகவும், சிலதில் 01 ஆகவும் விழுந்திருக்கிறது. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். "ஸயா, இது என்ன எண்?" என்று லைனில் நின்ற பெண் பாக்கெட்டை நீட்டிக் கேட்டாள். கண்ணாடி போட்டுப் பார்த்தும் எனக்கே தெரியவில்லை. தப்பு மெஷினுடையது அல்ல, ஏழு புள்ளிக்கு ஒத்துக்கொண்ட என்னுடையது. பர்மிய எண் வேண்டுமென்றால் சி.ஐ.ஜே.யில் 16 புள்ளி உயரமாவது வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் பேசாமல் 1, 2, 3 என்றே அடிக்க வேண்டும். டி.ஐ.ஜே.யில் இந்தப் பிரச்சினையே எழாது.

எழுத்துரு இன்னொரு இடி. 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் பெரும்பாலும் ஸாவ்ஜி என்கிற பழைய எழுத்துரு. பல மெஷின்களுக்கு இரண்டுமே சரியாகத் தெரியாது. எழுத்துகளைச் சிதறடித்து வைக்கும். மாறாத வாசகத்தைப் படமாக ஏற்றிவிட்டு, மாறுகிற எண்ணை மட்டும் மெஷினிடம் விடுவதுதான் என் வழக்கம்.

மூன்றாவது பட்டியல்

அது பீசோ ஹெட். மின்னழுத்தம் கொடுத்தால் உருமாறுகிற பீங்கான். அது மை அறையைப் பிழிந்து துளியைத் தள்ளும். சூடே கிடையாது, அதனால் பலவகை மை போடலாம் என்பதுதான் இதன் பெருமை. டைல்ஸில் டிசைன் அடிப்பது, துணியில் அடிப்பது, பெரிய பேனர் எல்லாம் பெரும்பாலும் பீசோதான். காயும் சிக்கலுக்கு இது சொல்லும் பதில் மையை மாற்றுவது. புற ஊதா விளக்கு பட்டால் மட்டும் இறுகுகிற மை ஒன்று. எண்ணெய் மை இன்னொன்று. எண்ணெய் மை நாள் கணக்கில் நின்றாலும் நாசிலில் காயாது. நிற்பதைத் தாங்குவதில் மூன்றிலும் இதுதான் ராஜா. ஆனால் அது காய்வதே இல்லை, அட்டைக்குள் ஊறிப்போகிறது, அவ்வளவுதான். பவுச்சில் அடித்தால் அடுத்த வருடமும் ஈரமாக இருக்கும். புற ஊதா மைக்கு விளக்கு, கூடுதல் மின்சாரம், அதோடு உணவுப் பொட்டலத்தில் இறுகாத மை மிஞ்சக்கூடாது என்கிற கவலை. ஹெட் அடைத்துப்போனால் அதன் விலைக்கு டி.ஐ.ஜே. மெஷினையே வாங்கிவிடலாம். அட்டைப்பெட்டி மட்டும் ஆயிரக்கணக்கில் போகிற இடத்துக்குச் சரி. மருமகன் நாளைக்கு நூறு பெட்டிகூடக் கட்டுவதில்லை.

ரிப்பன் வைத்துச் சூட்டால் ஒட்டுகிற தெர்மல் டிரான்ஸ்ஃபர் மெஷினையும் அவன் கேட்டான். ஃபிலிமில் அதன் அச்சு மிக அழகு, கரைப்பான் வாசனையும் இல்லை. ரிப்பன் இறக்குமதி நின்றால் மெஷினும் நிற்கும். எல்லைப் பாதை மூடினால் மூன்று மாதம் பொருள் வராத ஊரில் இருக்கிறோம். கார்ட்ரிட்ஜும் இறக்குமதிதானே என்றால் ஆமாம், ஆனால் ஆறு கார்ட்ரிட்ஜ் ஒரு டிபன் டப்பாவில் அடங்கும். தேதி பார்த்து, வெயில் படாமல் வைத்துக்கொள்ளலாம்.

ஆக, பவுச்சுக்கு டி.ஐ.ஜே. என்று சொல்லிவிட்டேன். கரைப்பான் மை, ஹெட் ஃபிலிம் தட்டையாக இருக்கிற இடத்தில். பணம் கட்டுவதற்கு முன் அவனுடைய ஃபிலிமையே எடுத்துக்கொண்டு போய் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அடித்து ஒரு நிமிடம் கழித்து செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று பிய்க்க வேண்டும். அப்புறம் கடலை எண்ணெய் தொட்டு விரலால் தேய்க்க வேண்டும். எழுத்து வந்துவிட்டால் குறை பெரும்பாலும் மையில் இல்லை, ஃபிலிமில் இருக்கும். பாலிப்ரொப்பிலீன் மேல் மை பரவ மனம் வராது; கொரோனா என்கிற மின்பொறியால் மேற்பரப்பைத் தயார்செய்திருக்க வேண்டும், பழைய ரோலில் அந்தத் தயாரிப்பு மங்கிப்போயிருக்கும். அவன் கொண்டுபோன இரண்டு ரோலில் ஒன்று தேறவில்லை. ஃபிலிம் அச்சடிக்கிறவரிடம் தேதிக்கான இடத்தில் வார்னிஷ் பூசாமல் ஒரு சின்னக் கட்டம் விடச் சொல்லியிருக்கிறான்.

அட்டைப்பெட்டிக்குத் தனி மெஷின் வேண்டாம். கையில் பிடித்து அடிக்கிற டி.ஐ.ஜே. ஒன்று, தண்ணீர் மையோடு. உளுந்து மூட்டைக்கு? நம் பெரியவர்கள் துறைமுகத்தில் செய்தது போலவே தகரத்தில் எழுத்து வெட்டிய ஸ்டென்சிலும் பிரஷும். நெய்த சாக்கில் அதை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை, நாளைக்கு முப்பது மூட்டைக்கு அது போதும்.

ஊறுகாய் பாட்டில் லைன் ஒன்று போட அவனுக்கு ஆசை இருக்கிறது. வளைந்த பாட்டில், கழுவிய ஈரம், வேகமும் கூடும்; அன்றைக்கு சி.ஐ.ஜே.யைப் பற்றிப் பேசலாம் என்றேன். அதற்கு முன் வறுக்கிற அடுப்புக்கும் பேக்கிங்குக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பு, ஒரு யு.பி.எஸ். வாங்கு, அதில் போன் சார்ஜர் மாட்டாதே. "சரி மாமா" என்றான். சுவருக்குச் செங்கல் விலை விசாரித்துக்கொண்டிருப்பதாகத் தங்கை சொன்னாள்.